மீதி ஆயுசு

வியாழக்கிழமை வகுப்புக்குப் பத்ரிய்யா ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை. அதில் அவளுக்கு ஒரு வீம்பு. பஸ்ரா நகரத்து மனநோய் வார்டில் இருபத்துமூன்று வருஷம் நர்ஸாக நின்றவள். கதவை உதைத்துக்கொண்டு ஓடுகிறவனை ஒரு கையால் பிடித்து உட்காரவைத்து, மறு கையால் ஊசியைப் போட்டுவிட்டு, “முடிஞ்சுது ராசா, முடிஞ்சுது” என்று தோளைத் தட்டுவாள். ஊசி எப்போது ஏறியதென்று அவனுக்கே தெரியாது. அப்படிப்பட்டவளை ஐம்பது வயதில் அபுல் கசீப் சுகாதார நிலையத்துக்கு மாற்றியதோடு விடாமல், பேச்சு வைத்தியம் படி என்று மர நாற்காலியில் உட்காரவும் வைத்துவிட்டார்கள்.

சொல்லிக்கொடுக்க பாக்தாதிலிருந்து வந்தவள் ருவைதா. முப்பத்தொரு வயது. மூக்குக் கண்ணாடி, ஆண்பிள்ளை மாதிரி தோளில் ஒரு பை.

“பேசறதுக்கு ஒரு படிப்பா?” என்று முதல் நாளே கேட்டுவிட்டாள் பத்ரிய்யா. “எங்க தெருவுக்கு வாங்க டாக்டர். வாசலுக்கு வாசல் புரொபசருங்க உக்காந்திருக்காங்க.”

“அவங்ககிட்டயும் கத்துக்கறேன் அக்கா. முதல்ல நீங்க உக்காருங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்வான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் ஆண்கள் பிரிவு நர்ஸ். ஒல்லி. சாவு வீட்டிலும் ஒரு ஜோக் சொல்லாமல் வரமாட்டான் என்று பெயர் வாங்கியவன்.

ஆறு வாரம் பாடம் நடந்தது. பிறகு ஆளுக்கு ஒரு நோயாளி என்று ஒதுக்கினார்கள். எட்டுச் சந்திப்பு. ஊசி கிடையாது. சம்மதம் வாங்கிக்கொண்டு கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்து வரவேண்டும், வகுப்பில் எல்லாரும் கேட்பார்கள். பத்ரிய்யாவுக்கு வந்தது ஜாசிபின் வீடு.

ஜாசிப் பேரீச்சை மரம் ஏறுகிறவன். அவனும் தம்பி ஃபாலிஹும் ஒரே தோப்பில் பக்கத்துப் பக்கத்து வீடு. போன அக்டோபரில், அறுவடை முடிய நாலு நாள் இருக்கும்போது, ஃபாலிஹ் உச்சியிலிருந்து விழுந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு ஜாசிப் மரம் பக்கம் போகவில்லை. அவன் பெண்டாட்டி ஹஸ்னாதான் பிப்ரவரி முதல் வாரத்தில் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். கறுப்பு அபாயா அங்கியின் ஓரத்தில் வாய்க்கால் சேறு காயாமல் இருந்தது.

“சாப்பிட மாட்டேங்கறாரு அக்கா. ரெண்டு வாய் வைப்பாரு, தட்டைத் தள்ளிடுவாரு. ஆள் பாதியா போயிட்டாரு. மாத்திரை குடுத்தாங்க, அதையும் துப்பிடறாரு.”

“தூக்கம்?”

“எங்க?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “போன வாரம் அரிவாளைப் பக்கத்துத் தோப்புக்காரனுக்குக் குடுத்துட்டாரு. அவங்க அப்பா அரிவாள் அது. முந்தாநாள் என்னைக் கூப்பிட்டு உக்காரவெச்சு, ஆத்துல கடல்தண்ணி ஏற்றம் எத்தனை மணிக்கு வரும், எந்த மடையை எப்போ தொறக்கணும், எந்த மரத்துக்கு எந்த ஆண்பாளை ஒத்துக்கும், எல்லாத்தையும் சொல்லிக்குடுக்கறாரு. நான் எதுக்கு அக்கா அதைக் கத்துக்கணும்?”

இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு வார்த்தை நடுவில் கிடந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்,” என்றாள் பத்ரிய்யா. “நான் பாத்துக்கறேன். என் கையில வந்தவன் யாரும் வீணாப் போனதில்ல.”

அப்படித்தான் அவள் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், நல்ல குளிர். தோப்புகளில் ஆண்மரத்துப் பாளை வெடித்து, காற்றில் அரைத்த கோதுமை மாவின் வாசம். பக்கத்துத் தோப்புகளில் ஆட்கள் உச்சியில் உட்கார்ந்து, ஆண்பூவின் சரத்தை ஒடித்துப் பெண்பாளைக்குள் செருகி, ஓலைக் கீற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சத்தம் போட்டுப் பேச்சு, சிரிப்பு. பாளை வெடித்தால் சில நாள்தான் அவகாசம். கட்டாமல் விட்டால் அந்த வருஷம் கொட்டையில்லாத சொத்தைக் காய்தான். ஜாசிபின் தோப்பு மட்டும் சத்தமில்லாமல் நின்றது. காய்ந்த மட்டைகள் வெட்டப்படாமல் தொங்கின.

அவன் சுவரோரத்து வெயிலில் நாணல் பாயில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது. மரம் ஏறுகிறவனின் பாதம், விரல்கள் அகன்று மண்ணைப் பிடித்திருந்தன. மூத்த பையன் பெயரால் ஊர் அவனை அபூ மைதம் என்று கூப்பிடும்.

“சலாம் அபூ மைதம். எப்படி இருக்கீங்க?”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“உடம்பு?”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“பிள்ளைங்க?”

“எல்லாம் இறைவன் புண்ணியம். நீங்க எப்படி இருக்கீங்க சிஸ்டர்? வீட்டுல எல்லாரும்?”

“அல்ஹம்துலில்லாஹ்.”

இப்படி இரண்டு பக்கமும் கணக்கு நேராகி, பதிவுக்குச் சம்மதம் வாங்கி, கைப்பேசியைப் பாயில் வைத்தாள். ஹஸ்னா காய்ந்த எலுமிச்சை போட்ட டீயும், பேரீச்சம்பாகில் வேகவைத்த டர்னிப்பும் கொண்டுவந்து வைத்தாள். ஜாசிப் ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

பத்ரிய்யா தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள். தலைவலி பற்றிக் கேட்டாள். உப்புத் தண்ணி ஏறி மரம் பட்டுப்போவதைப் பற்றிப் பேசினாள். நகரத்து வார்டில் இதைவிட மோசமாக வந்து, இப்போது டாக்ஸி ஓட்டுகிறவனைப் பற்றிச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று, அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில்,

“அந்த வடம்...” என்றான்.

“சீச்சீ, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது,” என்றாள் பத்ரிய்யா. துக்க வீட்டில் பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய். “அவன் நாள் முடிஞ்சுது, அவ்வளவுதான். எழுதினது நடந்துச்சு. அல்லாஹ் பொறுமையைத் தரட்டும். அவனோட மீதி உங்க ஆயுசுல சேரட்டும்.”

அவன் கண் அவள் முகத்தில் ஒரு கணம் நின்றது.

“உங்க ஆயுசும் நீளட்டும்,” என்றான்.

கையிலிருந்த டர்னிப் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். பிறகு நாலைந்து கேள்விக்கு ஆமா, இல்லை. புறப்படும்போது எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து மரியாதையாக வழியனுப்பினான். பத்ரிய்யா திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை அவள் கொஞ்சம் சீக்கிரமே வந்தாள். பதிவைப் போட்டார்கள். அறையில் பதினொரு பேர். தன் குரல் கணீரென்று வருவதைப் பத்ரிய்யா ரசித்துக் கேட்டாள்.

ருவைதா ஓர் இடத்தில் நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டாள். ‘அந்த வடம்...’ ‘சீச்சீ, அப்படியெல்லாம்...’ நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

“அவரு வடம்னு ஆரம்பிச்சாரு. அடுத்து என்ன சொல்ல வந்தாருன்னு நினைக்கிறீங்க அக்கா?”

“என்ன வடம், இடுப்புல கட்டி மரம் ஏறுற வடம்தான். தம்பி அதுல இருந்துதானே விழுந்தான்.”

“அதைப் பத்தி என்ன சொல்ல வந்தாரு?”

பத்ரிய்யா யோசித்தாள். “தெரியல.”

“எனக்கும் தெரியல.”

“முக்கால் மணி நேரம் பேசினதுக்கு ஊசியே போட்டுட்டு வந்திருக்கலாம்,” என்றான் கஸ்வான். அறை சிரித்தது.

பத்ரிய்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “துக்க வீட்டுக்குப் போயி அதைச் சொல்லாம வேற என்னத்தைச் சொல்றது? ஆறுதல் சொல்லாதவ மனுஷியா? எங்க அம்மா என்னை அப்படி வளக்கல.”

“எங்க அம்மாவும் அப்படி வளக்கலதான்,” என்றாள் ருவைதா. “அப்பா செத்தப்போ வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க. நானும் பதில் சொன்னேன். மூணு நாள். நாலாவது நாள் தொண்டை கட்டிக்கிச்சு.” நாற்காலிகளை இரண்டு இரண்டாகத் திருப்பிப் போடச் சொன்னாள். “எட்டு நிமிஷம். ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் கேக்கணும். கேக்கறவங்க ஆறுதல் சொல்லக் கூடாது, அல்லாஹ்கிட்ட துஆ கேக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது.”

“அப்போ நான் என்ன செய்யறது?” என்றான் கஸ்வான்.

“மூடிட்டு இரு,” என்றாள் பத்ரிய்யா.

அவள் ஏதாவது சின்ன விஷயமாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தாள். வீட்டுக் கூரை ஒழுகுவது, மருமகளின் சமையல். ஆனால் எதிரே கஸ்வான் ஜோக் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். அது அவளுக்குப் பழக்கமில்லாத காட்சி. என்ன சொல்வதென்று தேடிய இடத்தில் நூரியின் பெயர் வந்தது. நூரி அவள் புருஷன். மார்க்கெட்டில் வெடித்த கார் குண்டில் போய்ப் பதினோரு வருஷம்.

“அன்னைக்குக் காலையில வாவல் மீன் பண்ணுன்னாரு. அரிசியும் வெங்காயமும் போட்டு. எனக்குக் காலை டூட்டி. நாளைக்குப் பண்றேன்னேன்.”

கஸ்வான் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கோபமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னேன். நாளைக்குன்னு.”

“அப்புறம்?” என்றான் அவன் மெதுவாக.

“அப்புறம் என்ன, போயிட்டாரு. அவரு மார்க்கெட்டுக்கு எதுக்குப் போனாரு தெரியுமா? மீன் வாங்கி வெச்சா நான் பண்ணிடுவேன்னு.”

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல முயன்றிருக்கிறாள். தங்கையிடம் ஒரு தடவை, பள்ளிவாசல் உஸ்தாதின் மனைவியிடம் ஒரு தடவை. ‘மீன்...’ என்று தொடங்கியதும் அவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எழுதினது நடந்துச்சு என்றார்கள். அவளும் ஆமாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்துவிட்டாள். இப்போது மீன் நடுவில் கிடந்தது, யாரும் எடுத்து மறைக்கவில்லை. சட்டென்று அவளுக்குத் தாங்கவில்லை.

“ஏதாவது சொல்லித் தொலையேன்டா.”

“சொல்லக் கூடாதாம் அக்கா,” என்றான் கஸ்வான். அவன் மூக்கு நுனி சிவந்திருந்தது.

பத்ரிய்யா வெளியே போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். தண்ணீர் உப்புக் கரித்தது. ஜாசிபின் கண் தன் முகத்தில் நின்ற அந்த ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அவனை அவள் பிடித்து உட்காரவைத்து, வலிக்காமல் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு வரை பொறுக்கவில்லை. சனிக்கிழமையே போனாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏற்றம் வந்து வாய்க்கால்கள் தளும்பி நின்றன, பாதை முழுக்கச் சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பு வழியாக ஏறிப் போய்ச் சேர்ந்தாள். ஜாசிப் உள்ளறையில் இருந்தான். கைப்பேசியை அவள் எடுத்தபோது, “இன்னைக்கு அது வேண்டாம்” என்றான். அணைத்துப் பைக்குள் போட்டாள்.

எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

“அபூ மைதம், போன தடவை நீங்க வடம்னு ஆரம்பிச்சீங்க. நான் உங்க வாயை அடைச்சுட்டேன். தப்பு என்னுது. இன்னைக்கு அடைக்க மாட்டேன்.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். வாய்க்காலில் ஒரு விசைப்படகு தடதடவென்று போயிற்று, சத்தம் தேய்ந்து மறைந்தது. யாரோ எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பத்ரிய்யா வார்டில் இரவு முழுக்க விழித்திருந்திருக்கிறாள், இத்தனை நீளமாக ஒரு பகல் நேரத்தை அவள் பார்த்ததில்லை.

“நாலு மாசமா யார் வந்தாலும் ஒரே வார்த்தை,” என்றான் ஜாசிப். “அவனோட மீதி என் ஆயுசுல சேரணுமாம். துக்கப் பந்தல் முழுக்க அதான். பள்ளிவாசல்ல அதான். மீன் கடையில அதான். நீங்களும் அதான் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“அவனுக்கு முப்பத்தாறு வயசு. எங்க அப்பா எம்பத்திரண்டு வரைக்கும் இருந்தாரு. அப்போ அவனுக்கு எவ்வளவு மீதி? அவ்வளவையும் என் தலையில கொட்டியாச்சு. சோத்துல கை வெச்சா, அது யாரு சோறு? அவன் சோறு. கண்ணை மூடினா அவன் தூக்கம். அவன் பங்கை உக்காந்து தின்னுக்கிட்டிருக்கேன் சிஸ்டர். நான் கேட்டேனா? எடுத்துக்கோ, எடுத்துக்கோன்னு ஊரே திணிக்குது.”

பத்ரிய்யாவிடம் நாலு பதில்கள் தயாராக வந்து நின்றன. நாலும் நல்ல பதில்கள். அவள் அம்மா சொன்னவை, உஸ்தாத் சொன்னவை, அவளே ஆயிரம் தடவை சொன்னவை. அவள் வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் மடியில் ஊசித் தட்டைத் தேடியது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. வகுப்பில் ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பழகியிருந்தார்கள். அதைக் கேட்டால் மண்வெட்டியால் அடிப்பார்கள் என்று கஸ்வான் சொல்லியிருந்தான். அந்த வார்த்தையை வீட்டுக்குள் சொன்னாலே அது வந்து நின்றுவிடும் என்று நினைக்கிற ஊர்.

“அபூ மைதம், செத்துப்போயிடணும்னு தோணுதா? உங்களை நீங்களே முடிச்சுக்கணும்னு?”

உள்ளே அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“தோணுது,” என்றான்.

நாலு மாதத்தில் அவன் சொன்ன முதல் நேரான பதில் அதுவாகத்தான் இருக்கும்.

“எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?”

“மேக்கு மூலை பர்ஹி பேரீச்சை மரம். நல்ல உசரம். வடம் இல்லாம ஏறணும். அவ்வளவுதான்.” சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னான். பிறகு அந்த வடம் வந்தது. கேட்காமலே வந்தது.

“வீட்டுல ரெண்டு வடம். ஒண்ணு புதுசு. இன்னொண்ணு எங்க அப்பா காலத்துது. இடுப்புப் பட்டை ஓரத்துல நார் விட்டுப்போச்சு, நான்தான் நைலான் கயிறு வெச்சுத் தெச்சேன். இந்த அறுவடை தாங்கும்டான்னேன். அவன் இழுத்துப் பாத்தான். சரின்னான். நான் சொன்னா அவன் சரிம்பான், சின்ன வயசுல இருந்தே. நாலு நாள் வேலைதான் பாக்கி.” அவன் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். “புது வடம் எங்கிட்ட இருந்துச்சு சிஸ்டர். என் இடுப்புல.”

மழைத்தண்ணீர் ஓலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“சொல்லணும்னு நாக்கு துடிக்குது.”

அவன் உதடு ஓரமாக லேசாக இழுபட்டது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. “என் மேல தப்பா இல்லையா?”

“வடத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. முப்பது வருஷமா ஏறுறவர் நீங்க. உங்களுக்குத்தான் தெரியும்.”

“தப்புதான். அவனைப் புதுசைக் கட்டச் சொல்லியிருக்கணும். இல்ல, வேலையை நிறுத்தியிருக்கணும்.”

அப்படிச் சொல்லாதீங்க என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் செய்த வேலையிலேயே கடினமானது அதுதான். அவன் அழுதான். குலுங்காமல், சத்தம் இல்லாமல், தாடி நனைகிற வரை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கிளம்புமுன் ஒன்று சொன்னாள். “மரத்தைப் பத்திச் சொன்னதை நான் மறைக்க மாட்டேன். ஹஸ்னாகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்வேன். வடத்தைப் பத்தி எனக்குச் சொல்லிக்குடுக்கற டாக்டரைத் தவிர யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன், அது உங்களுது. ராத்திரிக்கு ஒரு மாத்திரை வரும், துப்பாம முழுங்குங்க. நாளைக்கு வருவேன். நாளன்னிக்கும் வருவேன்.”

“தொல்லை புடிச்ச பொம்பள,” என்றான் ஜாசிப்.

“வார்டுல இதைவிட நல்லாத் திட்டுவாங்க.”

ஹஸ்னாவின் அண்ணன் வந்து வீட்டோடு படுத்துக்கொண்டான். மேற்கு மூலைக்குப் போகும் வழியில் ஹஸ்னா கோழிக்கூண்டை இழுத்துப் போட்டு, நாள் முழுக்க அங்கேயே வேலை பார்த்தாள். பத்ரிய்யா தினமும் போனாள். ஐந்தாவது நாள் ஜாசிப் கேட்டான்.

“கமீலாகிட்டச் சொல்லணும். சொல்லலாமா?”

கமீலா ஃபாலிஹின் பெண்டாட்டி. மூன்று பிள்ளைகள். நாலு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். பத்ரிய்யாவுக்குப் பகீரென்றது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்து, வாய்க்கால் கரையில் நின்று ருவைதாவுக்குப் போன் போட்டாள்.

“சொன்னா அந்தக் குடும்பமே வெட்டிக்கும். சொல்லலைன்னா இவரு உள்ளயே வெந்து சாவாரு. நான் என்ன செய்யறது?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?”

“உன்னைப் புடிச்சு ரெண்டு அறை விடணும்னு நினைக்கிறேன்.”

போனில் சிரிப்பு. அப்புறம் ருவைதா சொன்னாள், “எனக்கும் பயமாத்தான் இருக்கு. அவருக்கு அவகிட்ட இருந்து என்ன வேணும்னு கேட்டுப் பாருங்க. மன்னிப்பு வேணும்னா, அது கிடைக்கலைன்னா என்ன ஆகும்னும் கேளுங்க.”

மறுநாள் கேட்டாள்.

“மன்னிப்பு வேண்டாம். அவ என்னைப் பாக்கறப்போ, அவளுக்குத் தெரிஞ்சு பாக்கணும். இப்போ ரொட்டி சுட்டா எனக்கு முதல்ல அனுப்பறா. பாவம் அண்ணன்னு. அதைத் தின்னவே முடியல.”

எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள். அவன் சொல்லிப் பார்த்தான். முதல் தடவை விதி என்று ஆரம்பித்தான். அவனே நிறுத்திக்கொண்டான். மூன்றாவது தடவை வடத்திலிருந்து ஆரம்பித்தான்.

அவன் போய்ச் சொன்ன அன்று பத்ரிய்யா அங்கே இல்லை. காலை ஹஸ்னா ஓடிவந்து சுகாதார நிலையத்து வராந்தாவில் மூச்சிரைக்க உட்கார்ந்தாள்.

“போனாரு அக்கா. அவ தந்தூர்ல ரொட்டி போட்டுக்கிட்டிருந்தா. இவரு நின்னபடியே சொல்லிட்டாரு. அவ அப்படியே பாத்தா. கையில இருந்த மாவைக் கீழ போட்டா. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க!”

“அடிச்சாளா?”

“ரொட்டி எடுக்கற கம்பியால ரெண்டு. அது ஒண்ணுமில்ல. வாய்! ‘நல்லது உன் இடுப்புக்கு, ஒட்டுப் போட்டது என் புருஷனுக்கா? நாலு மாசமா எழுத்து எழுத்துன்னு எல்லாரும் என் வாயில மண்ணை அடைச்சீங்களே, எழுத்து இல்லடா, நைலான் கயிறுடா!’ தோப்பு மொத்தமும் கூடிடுச்சு. ஹாஜி ஒருத்தர் வந்து, பொறுமையா இரும்மா, அல்லாஹ் நாடினதுன்னாரு. அவரையும் புடிச்சுக்கிட்டா. ‘அல்லாஹ் இவன்கிட்ட ஊசியும் நூலும் குடுத்தாரா’ன்னு. அவரு செருப்பைக்கூட மாட்டாம ஓடிட்டாரு.” ஹஸ்னா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. “ஒரு மணி நேரம் அக்கா. இவரு தலையைத் தொங்கப் போடல. அவ மூஞ்சியைப் பாத்தே நின்னாரு. அவளுக்கே தொண்டை போனப்புறம்தான் வீட்டுக்கு வந்தாரு.”

பத்ரிய்யா எழுந்து நின்றாள். “வந்து?”

“வந்து உக்காந்தாரு. பசிக்குதுன்னாரு. மூணு ரொட்டி. எருமைப் பாலாடை, பேரீச்சம்பாகு, நேத்து வெச்ச கருவாட்டுக் குழம்பு. எல்லாம் போச்சு. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் சொல்றாரு, ‘அவ ஒருத்திதான் எனக்கு அவன் ஆயுசைக் குடுக்கலடி’ன்னு.”

மூன்று நாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. ரொட்டியும் வரவில்லை. நாலாம் நாள் கமீலா தன் மகளிடம் சொல்லியனுப்பினாள். ‘எங்க பங்கு மரத்துல பாளை வெடிச்சுக் கெடக்கு. யாரு ஏறுவா? உன் பெரியப்பனை வந்து ஏறச் சொல்லு. மன்னிச்சுட்டேன்னு நினைக்க வேண்டாம். ஏறுறதுக்கு முன்னாடி வடத்தை நான் பாக்கணும்.’

அவன் புது வடத்தை எடுத்துக்கொண்டு போனானாம். கமீலா அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, மடியில் போட்டுக்கொண்டு, பட்டையின் ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் கிளறிப் பார்த்தாளாம். பார்த்துக்கொண்டே திட்டினாளாம். பிறகு முகத்தில் எறிவதுபோல எறிந்தாளாம். அவன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினான். முதல் மரத்தின் பாதியில் வெகுநேரம் நின்றான் என்றும், கீழிருந்து கமீலா, “தூங்கறியா?” என்று கத்தினாள் என்றும் ஹஸ்னா சொன்னாள்.

வகுப்புக் கணக்கில் ஏழாவது சந்திப்புக்கு ஜாசிப் தானே சுகாதார நிலையத்துக்கு வந்தான். மார்ச் நடுவில் அடிக்கிற ஈரக்காற்று அன்று. சட்டைக் கையிலும் புருவத்திலும் ஆண்பூவின் வெள்ளைத் தூள். அறையின் மர நாற்காலியில் அவனுக்கு உட்காரத் தெரியவில்லை, ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டான். இன்னும் மெலிவுதான். கன்னம் மட்டும் கொஞ்சம் தெளிந்திருந்தது.

ஒவ்வொரு தடவையும் கேட்பதை அன்றும் பத்ரிய்யா கேட்டாள். இப்போது அந்த வார்த்தை அவள் வாயில் காய்ச்சல் இருக்கா என்பதுபோல வந்தது.

“இந்த வாரம் செத்துப்போகணும்னு தோணிச்சா?”

அவன் விரல் விட்டு யோசித்தான்.

“செவ்வாய்க்கிழமை தோணிச்சு.”

“அப்புறம்?”

“புதன்கிழமை இருபது மரம் பாக்கி இருந்துச்சு. வியாழக்கிழமை காலையில கமீலா வடத்தைப் பாக்க வந்தா. நீயும் விழுந்து தொலைச்சா நான் யாரைத் திட்டறதுன்னு கேக்கறா.” சொல்லிவிட்டு அவன் சிரித்தான். பல் தெரிய, தோள் குலுங்க. அவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கை வைத்து, பேச்சை அந்த இடத்திலேயே முடித்து, அவனைச் சந்தோஷமாக அனுப்பிவைக்க எல்லாம் கூடி வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கஸ்வான் சிகரெட்டோடு நின்று எட்டிப் பார்த்தான். அவள் கையை அசைத்து அவனைப் போகச் சொன்னாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

“செவ்வாய்க்கிழமையைச் சொல்லுங்க அபூ மைதம்,” என்றாள்.

அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. மடித்த காலைக் கீழே இறக்கினான். பிறகு சொல்ல ஆரம்பித்தான்.